காய்ந்தும் நிறம் விடாத பூக்கள்

தாம்பரம் பூக்கடைகளில் மல்லிகைக்கும் சம்பங்கிக்கும் இருக்கும் மவுசு வாடாமல்லிக்குக் கிடையாது. மாலையில் நிறத்துக்காக இடையிடையே வைத்துக் கட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால், உலர்பூக்களில் கைவேலை செய்ய நினைப்பவர்களுக்கு இதைவிட நம்பகமான பூ இந்தப் பக்கத்தில் இல்லை.

ஒரு பூவைப் பிய்த்துப் பார்த்தால் காரணம் தெரியும். அந்த ஊதா உருண்டை முழுக்கக் காகிதம் போன்ற செதில்கள். செடியில் இருக்கும்போதே தொட்டால் சரசரக்கும். நிஜப் பூக்கள் அவற்றின் நடுவே குண்டூசித் தலை அளவில் எட்டிப் பார்க்கும். செதில்களில் ஈரம் குறைவு என்பதால் சுருங்காமல் காய்கின்றன. இதேபோலக் காயவைக்கக்கூடிய கோழிக்கொண்டையும் வாடாமல்லியின் கீரைக் குடும்பம்தான்.

தமிழகத்தில் உலர்பூ ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற ஊர் தூத்துக்குடி. வறண்ட வானிலை, சுள்ளென்ற வெயில், பக்கத்திலேயே துறைமுகம். அங்கே ஆண்டு மழை சுமார் 650 மி.மீ.தான். சென்னையில் அது ஏறக்குறைய 1,400 மி.மீ.; பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். ஆகவே சேலையூர், மேடவாக்கம் மாடித்தோட்டங்களில் மாதம் பார்த்து விதைப்பதுதான் முக்கியம்.

தை பிறந்ததும் விதைக்கலாம். பஞ்சு மூடிய வாடாமல்லி விதையை ஓர் இரவு ஊறவைத்தால் முளைப்பு சுலபம். பங்குனிக் கடைசியில் பூக்கள் தயாராகும். உருண்டை முழு நிறம் பிடித்ததும், அடிச்செதில்கள் பழுப்பேறும் முன்பே, பனி ஈரம் உலர்ந்த காலை வேளையில் காம்போடு வெட்ட வேண்டும்.

இலைகளை உருவிவிட்டுப் பத்துப் பதினைந்து காம்புகளைச் சேர்த்து ரப்பர் பேண்டு போடுவது நல்லது. காயக் காயக் காம்பு சிறுக்கும். நூல் கட்டு தளர்ந்து பூக்கள் நழுவிவிடும், ரப்பர் கூடவே இறுகும். வற்றல் வடாம் போல மொட்டை மாடி வெயிலில் பரப்பினால் நிறம் வெளுத்துப்போகும். வெளிச்சம் படாத, காற்றோட்டமுள்ள அறையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும். கோழிக்கொண்டைக்குக் கீழே ஒரு செய்தித்தாளை விரித்துவைத்தால் கறுப்பு மணிகளாக உதிரும் விதை அடுத்த தைக்கு ஆகும்.

காய்ந்தவற்றை இறுக்கமான டப்பாவில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் புரட்டாசி கொலு அலங்காரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். தோரணமாக்க விரும்புபவர்கள் மட்டும் பச்சையாக இருக்கும்போதே ஊசி நூலில் கோத்துவிட வேண்டும். காய்ந்த பூவில் ஊசி ஏற்றினால் செதில்கள் உதிர்ந்துவிடும்.