துவர்ப்புக்கு ஏற்ற துணை

சென்ற தீபாவளிக்கு மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, ஸ்வீட் டப்பாவோடு ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலையும் கொண்டு வந்திருந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க மாமா, உங்களுக்குத் தெரியாம ஒளிச்சு வைக்கப் பிடிக்கலை" என்றார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்று விட்டது. என் அண்ணன் குடியால்தான் போய்ச் சேர்ந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பதில் சொல்லத் தோன்றாமல் லேபிளைப் படித்தேன். 'அக்லூஜ்' என்று இருந்தது. மஹாராஷ்டிரத்தில் சோலாப்பூர் மாவட்டத்து ஊர். பக்கத்திலுள்ள குர்டுவாடியில் நேரோகேஜ் ஓடிய காலத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அன்று அங்கே கண்டதெல்லாம் கரும்பு வண்டிகள்தான். பின்னர், இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், இத்தாலியச் சகோதரர்கள், டில்லிச் சகோதரர்கள், அக்லூஜ் சகோதரர்கள் எனப் பலர் சேர்ந்து அங்கே திராட்சைத் தோட்டம் போட்டார்கள். கம்பெனியின் பெயரே 'ஃபிராடெல்லி'. இத்தாலிய மொழியில் சகோதரர்கள் என்று பொருள். கையிலிருந்த ஒயினின் பெயர் 'செட்டே', அதாவது ஏழு. சாஞ்சியோவேஸே என்ற இத்தாலியத் திராட்சையோடு காபர்னே சாவிஞோன் என்ற பிரெஞ்சுத் திராட்சையும் கலந்தது. இத்தாலியில் புகழ்பெற்ற கியாந்தி ஒயினுக்கு சாஞ்சியோவேஸேதான் முக்கியத் திராட்சை; புரூனெல்லோ ஒயினுக்கோ அது ஒன்றேதான்.

இதன் குணம் என்ன? அறுசுவை அறிந்த நமக்கு விளக்குவது எளிது. முதலில் புளிப்பு, அடுத்து நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. வாழைப்பூவும் கொட்டைப்பாக்கும் தரும் அதே துவர்ப்புதான். இதற்குக் காரணம் டானின் என்னும் பொருள். திராட்சையின் தோல், விதை, ஊற வைக்கும் ஓக் மரப் பீப்பாய் ஆகியவற்றிலிருந்து அது இறங்குகிறது. உமிழ்நீரிலுள்ள புரதத்தை டானின் பிடித்துக் கொள்வதால் வாயின் வழவழப்புப் போய் வறட்சி தெரிகிறது. எங்கள் பாஷையில் சொன்னால், பேரிங்கிலிருந்து கிரீஸைத் துடைத்தது போல!

கடுந்தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். பாலின் புரதம் டானினைப் பிடித்துக் கொள்கிறது. ஒயினுக்குத் துணையுணவு தேடவும் இதே கணக்குதான். புரதமும் கொழுப்பும் உள்ளவை பொருந்தும். ஆட்டிறைச்சி, சீக் கபாப், பாலாடைக்கட்டி எல்லாம் இதில் சேரும். மரக்கறிக்காரர்களுக்குப் பனீர், வெண்ணெயில் வதக்கிய காளான், தக்காளியோடு சுட்ட கத்தரிக்காய். ஒயினிலேயே புளிப்பு இருப்பதால் தக்காளியின் புளிப்புக்கு அது ஈடு கொடுக்கிறது.

பொருந்தாதவையும் உண்டு. மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். ஆகவே சுக்கா வறுவல் செய்தால் மிளகாயைக் குறைத்து மிளகைச் சேர்க்கலாம். வத்தக்குழம்பின் புளி ஒயினை அமுக்கிவிடும். ஜாங்கிரி தின்றபின் குடித்தால் ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தோன்றும். மீனோடு சேர்த்தால் வாயில் கவிச்சி நிற்கும். ஒயினிலுள்ள இரும்பு அதற்கொரு காரணம். பரிமாறும் சூடு 16 முதல் 18 டிகிரி. டில்லி மே மாதத்தில் அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தே எடுக்க வேண்டும்.

அன்பர்களே, குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பாதுகாப்பான அளவு என்று மதுவுக்கு எதுவுமே இல்லை என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழக்கமில்லாதவர்கள் தொடங்க வேண்டாம். ஆனால் நம் பிள்ளைகள் பலர் குடிக்கிறார்கள் என்பதும் உண்மை. என் அண்ணன் கொல்லைப்புறத்தில், வெறும் வயிற்றில், யாருடனும் பேசாமல் குடித்தார். நாங்களும் தெரியாதது போலவே இருந்தோம். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அன்று மாப்பிள்ளையை எதிரில் உட்கார வைத்தேன். என் மனைவி காரமில்லாமல் பனீர் வறுத்துக் கொடுத்தாள். நான் ஒரு வாய் மட்டும் சுவைத்துப் பார்த்தேன். குர்டுவாடி நாட்களைப் பற்றி அவரிடம் வெகுநேரம் பேசிக் கொண்டிருந்தேன். ஒரு கிளாஸ் முடிந்ததும், யாரும் சொல்லாமலே, அவரே பாட்டிலை மூடி வைத்தார். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் கெடாதாம்.