'எனக்குத் தெரியாது' என்று சொல்லக் கற்றுக்கொண்ட சாஃப்ட்வேர்! பேட்டரி ஆராய்ச்சியில் அப்படி என்ன புது அப்டேட்?

3 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான பொருட்கள். இதில் பேட்டரிக்கு எது சரிப்பட்டு வரும் என்று தேட வேண்டும். ஒவ்வொன்றையும் ஆய்வகத்தில் செய்து பார்ப்பது என்றால் பேரன் காலம் வரை ஆனாலும் முடியாது. ஆனால் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும், அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகமும் சேர்ந்து இந்தப் பட்டியலை 80 மணி நேரத்தில் 18 ஆகச் சுருக்கிவிட்டதாக 2024 ஜனவரியில் அறிவித்தன. கடைசியில் கையில் கிடைத்த பொருளுக்கு 'என்2116' என்று பெயர். லித்தியம் தேவையை 70 சதவீதம் வரை குறைத்து, அந்த இடத்தில் சோடியத்தை உட்கார வைக்கும் திட எலக்ட்ரோலைட் அது. அதைக் கொண்டு ஒரு பல்பையும் எரிய வைத்துக் காட்டினார்கள்.

'அப்போ ஏஐ எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடும் போல' என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்க. இதற்குப் பின்னால் இருப்பது, விஞ்ஞானிகள் பல வருடங்களாகப் பயன்படுத்தி வரும் மெட்டீரியல் மாடலிங் சாஃப்ட்வேர்கள். ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே அதன் அணுக்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்பவை. சமீப வருடங்களில் இவற்றுக்கு வந்த அப்டேட்கள்தான் ஆட்டத்தையே மாற்றியிருக்கின்றன. அதில் ஒரு அப்டேட் ரொம்ப சுவாரஸ்யமானது. அதற்குப் போவதற்கு முன், பழைய பிரச்சினை என்ன என்று பார்த்துவிடலாம்.

கணக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒரு பொருள் உறுதியானதா, மின்சாரம் கடத்துமா, எந்த வெப்பத்தில் உருகும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது எலக்ட்ரான்கள். ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்ற எல்லா எலக்ட்ரான்களையும் தள்ளிக்கொண்டே இருக்கும். இதை அப்படியே சமன்பாடாக எழுதினால் சூப்பர் கம்ப்யூட்டரும் கையை விரித்துவிடும்.

இதற்கு வழி சொன்னவர் வால்டர் கோன். 1923-ல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்த யூதர். சிறுவனாக நாஜிக்களிடமிருந்து தப்பி பிரிட்டன் போனவர். பெற்றோர் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். 1964, 1965-ம் ஆண்டுகளில் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரைகள்தான் 'அடர்த்திச் சார்பியக் கோட்பாடு', சுருக்கமாக டிஎஃப்டி, என்ற முறைக்கு அடிப்படை.

மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வந்திருக்கும் ஒவ்வொருத்தரும் எங்கே போகிறார் என்று பின்தொடர முடியாது. ஆனால் எந்தத் தெருவில் எவ்வளவு கூட்டம் என்று ஒரு வரைபடம் கிடைத்தால் போதும், போலீஸ் பந்தோபஸ்துக்குத் திட்டம் போட்டுவிடலாம். கோன் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். ஒவ்வொரு எலக்ட்ரானையும் துரத்த வேண்டாம், எங்கே எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்தால் போதும். இதற்காக 1998-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனாலும் செலவு குறையவில்லை. வழக்கமான டிஎஃப்டி கணக்கில் அணுக்களின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் கணக்குப் போடும் நேரம் சுமார் 8 மடங்காகும். பத்து மடங்கானால் ஆயிரம் மடங்கு! அதனால் சில நூறு அணுக்களைத் தாண்டுவதே பெரும்பாடு. அணுக்கள் அசைவதையும் பார்க்க வேண்டும் என்றால் நிலைமை இன்னும் மோசம். ஒரு விநாடியை ஆயிரம் லட்சம் கோடி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

இதற்கு மாற்றாக இருந்தது, அணுக்களை ஸ்பிரிங் மாட்டிய குண்டுகள் மாதிரி வைத்துப் போடும் சுலபக் கணக்கு. வேகம் உண்டு, துல்லியம் சந்தேகம்தான். வேகமா, துல்லியமா? ஏதாவது ஒன்றைத்தான் கேட்கலாம் என்பதே ரொம்ப நாளாக நிலவரம்.

ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த பையன்

2007-ல் யோர்க் பெஹ்லர், மிக்கேலே பாரினெல்லோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு யோசனை சொன்னார்கள். டிஎஃப்டி போட்ட கணக்குகளை நியூரல் நெட்வொர்க்குக்குக் காட்டிப் பழக்குவோம்; பிறகு அதுவே அணுக்களுக்கு இடையிலான விசையைச் சொல்லிவிடட்டும் என்றார்கள். இந்த வழியில் வந்த 'டீப் பொட்டென்ஷியல்' முறையை வைத்து, 2020-ல் அமெரிக்காவின் சம்மிட் சூப்பர் கம்ப்யூட்டரில் 10 கோடி அணுக்களை டிஎஃப்டிக்கு நெருக்கமான துல்லியத்தில் ஓட்டிக் காட்டிய குழு கார்டன் பெல் பரிசு வாங்கியது. சில நூறு எங்கே, 10 கோடி எங்கே!

ஆனால் ஒரு சிக்கல். பழக்கும்போது பார்க்காத ஒரு அமைப்பு திடீரென்று எதிரே வந்தால் என்ன ஆகும்? மாடல் தயங்காமல் ஒரு பதிலைச் சொல்லும். அந்தப் பதில் முழுக்கத் தப்பாக இருக்கலாம். திரையில் பார்க்கும் ஆளுக்கு அது தப்பு என்று தெரியவும் தெரியாது.

இங்கேதான் நாம் பேச வந்த அப்டேட் வருகிறது. வாஸ்ப் என்பது உலகம் முழுக்கப் பயன்படும் டிஎஃப்டி சாஃப்ட்வேர். கோன் பிறந்த அதே வியன்னாவில், கேயார்க் கிரெஸ்ஸே தலைமையிலான குழு உருவாக்கியது. 2022-ல் வந்த அதன் 6.3 பதிப்பில், ஓடிக்கொண்டே கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங் வசதியைச் சேர்த்தார்கள்.

மெக்கானிக் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் மாதிரிதான் இது. முதல் நாள் எந்த வண்டி வந்தாலும் மேஸ்திரிதான் கை வைப்பார், பையன் பக்கத்தில் நின்று பார்ப்பான். போகப் போக, பழகிய வேலையை அவனே முடித்துவிடுவான். இதுவரை பார்க்காத ஒரு கோளாறு வந்தால்? "அண்ணே, இது எனக்குப் பிடிபடல, நீங்களே வந்து பாருங்க" என்று கூப்பிடுவான்.

சாஃப்ட்வேரும் அப்படியே செய்கிறது. அணுக்கள் நகரும் ஒவ்வொரு அடியிலும், தான் சொல்லும் விடையில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்று நிகழ்தகவு முறையில் தன்னையே மதிப்பிடுகிறது. பிழை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சிமுலேஷனை நிறுத்தி, அந்த இடத்துக்கு மட்டும் முழு டிஎஃப்டி கணக்கைப் போட்டு, அதையும் பாடமாக எடுத்துக்கொண்டு மேலே போகிறது. இந்த முறையை முன்வைத்த 2019-ம் ஆண்டு ஆய்வுகளில், டிஎஃப்டி கணக்குகளில் 99 சதவீதத்தைத் தவிர்க்க முடிந்தது. சோலார் செல் ஆராய்ச்சியில் பெரிதும் பேசப்படும் பெரோவ்ஸ்கைட் பொருட்கள் சூடாகும்போது எப்படி உருமாறுகின்றன என்பதை இந்த முறையில்தான் பார்த்தார்கள்.

வேகம் கிடைத்தது சரி. அதைவிடப் பெரிய விஷயம், 'இது எனக்குத் தெரியாது' என்று சொல்லத் தெரிந்த சாஃப்ட்வேர் கிடைத்ததுதான். மனிதர்களிலேயே அது எத்தனை பேருக்கு வருகிறது, சொல்லுங்கள்!

அடுத்த அப்டேட்டில் ஒரு திருப்பம்

இதற்கு அடுத்து வந்த 6.4 பதிப்பில், பழகி முடித்த மாடலை இன்னும் பல மடங்கு வேகமாக ஓட்டும் முறை சேர்ந்தது. ஆனால் அந்த வேகமான முறையில், மேலே சொன்ன பிழை மதிப்பீடு கிடைக்காது. அதாவது பையன் தனியாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறான், மேஸ்திரி வீட்டுக்குப் போய்விட்டார். இந்தக் குறையைச் சமாளிக்க, பயிற்சியில் பார்த்த அமைப்புகளிலிருந்து இப்போதைய அமைப்பு எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் வேறொரு அளவுகோல் பின்னர் சேர்க்கப்பட்டது. ஆகவே 'பல மடங்கு வேகம்' என்று எந்த அப்டேட் வந்தாலும், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று கேட்பது நல்லது.

இன்னொரு பக்கம், எல்லாத் தனிமங்களுக்கும் ஒரே மாடல் என்ற 'யுனிவர்சல்' வகை வேகமாக வளர்கிறது. இதில் ஒரு வினோதமான பலவீனம் தெரிய வந்தது. பயிற்சிக்குக் கொடுத்த பெரும்பாலான தகவல்கள், அணுக்கள் நிம்மதியாகத் தங்கள் இடத்தில் இருக்கும் நிலையில் எடுத்தவை. ரேஷன் கார்டு போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு ஓடுகிற ஆளை அடையாளம் காணச் சொன்ன கதைதான்! அணுக்கள் இடம்விட்டு விலகும்போது அவற்றை இழுத்துப் பிடிக்கும் விசையை இந்த மாடல்கள் குறைத்துச் சொன்னதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2024 அக்டோபரில் மெட்டா நிறுவனம் இலவசமாக வெளியிட்ட 'ஓமேட்24' தொகுப்பில் 11 கோடிக்கும் அதிகமான டிஎஃப்டி கணக்குகள் உள்ளன. இடம்விட்டு விலகி, கலைந்து கிடக்கும் அணு அமைப்புகளை அதில் வேண்டுமென்றே நிறையச் சேர்த்திருக்கிறார்கள்.

மேஸ்திரியே தப்பு செய்தால்?

டிஎஃப்டியும் தோராயம்தான். நம் செல்போன் சிப்பில் இருக்கும் சிலிக்கானையே எடுத்துக்கொள்வோம். மின்சாரம் கடத்துவதற்கு எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி, நிஜத்தில் சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். அதிகம் பயன்படும் சாதாரண டிஎஃப்டி முறை சொல்வது சுமார் 0.6. கிட்டத்தட்ட பாதி! இந்தத் தப்பு துறையில் எல்லோருக்கும் தெரியும், சரிசெய்ய விலை உயர்ந்த முறைகளும் உண்டு. ஆனால் தப்பான பாடத்தைப் படித்த ஏஐ, அதே தப்பைத்தான் வேகமாக ஒப்பிக்கும்.

ஒரு ஆறுதல் இருக்கிறது. ஒரே கணக்கை வெவ்வேறு சாஃப்ட்வேர்களில் போட்டால் ஒரே விடை வருமா என்று 2016-ல் பெரிய குழு ஒன்று சோதித்தது. 15 சாஃப்ட்வேர்கள், 71 தனிமங்கள். புதிய பதிப்புகளும் முறைகளும் ஒன்றுக்கொன்று நன்றாகவே ஒத்துப்போயின. பழைய முறைகளில்தான் விலகல் இருந்தது. அப்டேட் போடுவதால் கிடைக்கும் உருப்படியான லாபம் இது. விளம்பரத்தில் வராது.

அறிவிப்பு வேறு, பொருள் வேறு

2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்டின் 'நோம்' மாடல் 22 லட்சம் புதிய படிகங்களைக் கணித்ததாகவும், அதில் சுமார் 3.8 லட்சம் நிலையானவை என்றும் செய்தி வந்தது நினைவிருக்கலாம். அதே நேரத்தில், அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தின் 'ஏ-லேப்' ரோபோ 17 நாட்களில் 41 பொருட்களைச் செய்து முடித்ததாகவும் அறிவிக்கப்பட்டது. கொஞ்ச நாளிலேயே வேதியியலாளர்கள் பூதக்கண்ணாடியோடு வந்தார்கள். ரோபோ செய்ததாகச் சொன்னவற்றில் புதிய பொருள் எதுவும் இல்லை என்று ஒரு குழு வாதிட்டது. நோம் பட்டியலில் புரோமித்தியம், புரோட்டாக்டினியம் போன்ற அரிய கதிரியக்கத் தனிமங்கள் கொண்ட சேர்மங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதைச் சுட்டிக்காட்டி, இதை வைத்து என்ன செய்வது என்று இன்னொரு கட்டுரை கேட்டது.

இந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் முழுக்கத் தோற்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பட்டியலைச் சுருக்குவதில் சாஃப்ட்வேர் நிஜமாகவே கெட்டி. ஆனால் கணித்ததை 'கண்டுபிடித்தது' என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். (அதில் நம்ம ஆட்களும் சேர்த்திதான்.)

நம்ம ஊரில் யார் பயன்படுத்தலாம்?

வாஸ்ப் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆனால் இத்தாலியில் வேர்விட்ட 'குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ'வும், அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் பிறந்த 'லாம்ப்ஸ்'ஸும் இலவசம், மூல நிரலோடு கிடைக்கும். இரண்டுமே இப்போது கிராபிக்ஸ் கார்டுகளில் ஓடும். மெஷின் லேர்னிங் மாடல்களை இணைக்கும் வசதியும் லாம்ப்ஸில் உண்டு. கல்லூரி ஆய்வகத்தில் நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே, எம்எஸ்சி மாணவர் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிடலாம்.

பெரிய கணக்குக்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும். தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் 838 டெராஃப்ளாப்ஸ் திறன் கொண்ட ஒன்று திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'பரம் பொருள்'. மெட்டீரியலுக்கும் தமிழில் பொருள் என்றுதான் பெயர். பேர் வைத்தவர் இதையும் யோசித்தாரா தெரியாது, ஆனால் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சரி, என்2116 விஷயத்துக்கு வருவோம். 80 மணி நேரம் என்பது கம்ப்யூட்டர் பட்டியலைச் சுருக்க எடுத்த நேரம் மட்டுமே. அதன் பிறகு எந்தப் பொருளைச் செய்வது என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்து, ஆய்வகத்தில் தயாரித்து, சோதித்து, மாதிரி பேட்டரி வரை வர ஆரம்பத்திலிருந்து 9 மாதங்களுக்குள் ஆனது. உங்கள் செல்போனுக்குள் வருவதற்கு முன், அது பல ஆயிரம் முறை சார்ஜ் ஏறி இறங்குமா, வெயிலில் தாங்குமா, தொழிற்சாலையில் மலிவாகச் செய்ய முடியுமா என்ற சோதனைகள் பாக்கி.