கம்பி போனால் காவலும் போகுமா? கம்பியில்லா விசைப்பலகை, சுட்டி வாங்குவோர் அறிய வேண்டியவை

கணினிக்குக் கம்பியில்லா விசைப்பலகையும் மவுஸ் எனப்படும் சுட்டியும் வாங்க விரும்புவோரின் எதிர்பார்ப்புகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. விலை குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி பல மாதங்கள் உழைக்க வேண்டும். மேசையில் கம்பிகள் பின்னிக்கொள்ளக் கூடாது. விசைகள் அதிக ஓசை எழுப்பக் கூடாது. இவை அனைத்தும் நியாயமானவையே. ஆனால், வங்கிக் கடவுச்சொல் முதல் ஆதார் எண் வரை எல்லாமே இந்த விசைகளின் வழியாகவே கணினிக்குள் செல்கின்றன. அவை கணினியைச் சென்றடையும் முன் காற்றில் எவ்வாறு பயணிக்கின்றன என்ற கேள்வி மட்டும் அரிதாகவே எழுப்பப்படுகிறது.

கம்பி வெறும் இடையூறு அல்ல. அது ஓசையின்றி மூன்று பணிகளைச் செய்துவந்தது. கருவிக்கு மின்சாரம் அளித்தது. விரலின் அசைவைத் தடங்கலின்றிக் கணினிக்குக் கொண்டு சென்றது. அந்தத் தகவலை வெளியார் எளிதில் அறியாதவாறு காத்தது. கம்பியை அகற்றும்போது இம்மூன்று பணிகளையும் வேறு வழியில் ஈடுசெய்தாக வேண்டும். ஒரு கருவியின் தரத்தை மதிப்பிட இதுவே சரியான அளவுகோல்.

பழைய அனுபவம் சொல்வது என்ன?

அமெரிக்கப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் சுட்டியைப் பொதுமேடையில் இயக்கிக் காட்டினார். அது கம்பியால் இணைக்கப்பட்ட ஒரு சிறு பெட்டி. கம்பி வால்போல நீண்டிருந்ததால் அதற்கு எலி என்னும் பொருள்தரும் பெயர் நிலைத்தது.

கம்பியை அகற்றும் முயற்சியும் புதிதன்று. ஐபிஎம் நிறுவனம் 1983 நவம்பரில் அறிவித்த பிசி ஜூனியர் என்ற வீட்டுக் கணினியின் விசைப்பலகை, தொலைக்காட்சி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரால் இயங்கியது. கம்பியில்லா வசதி இருந்தும் அது வரவேற்பைப் பெறவில்லை. விசைகள் சிறியனவாகவும் தட்டச்சுக்கு ஒவ்வாதனவாகவும் இருப்பதாகப் பயனர்கள் குறை கூறினர். ஒரே அறையில் பல கணினிகள் இருந்தால் ஒன்றின் விசைப்பலகை மற்றொன்றை இயக்கிவிடும் சிக்கலும் எழுந்தது. இறுதியில், 1984இல் அந்த விசைப்பலகையை ஐபிஎம் இலவசமாக மாற்றித் தர நேர்ந்தது.

அகச்சிவப்புக் கதிர் செல்லத் தடையற்ற நேர்வழி தேவை. இக்குறையை வானொலி அலை நீக்கியது. லாஜிடெக் நிறுவனம் 1991இல் வானொலி அலையில் இயங்கும் சுட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று இக்கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. வானொலி அலை சுவரையும் கடந்து செல்லக்கூடியது. அதன் வசதியும் அதனால் வரும் ஆபத்தும் இந்த ஒரே பண்பிலிருந்து பிறக்கின்றன.

முதல் தேவை: நீடித்த மின்சாரம்

ஒரே நிறுவனத்தின் தொகுப்பிலும் விசைப்பலகையின் பேட்டரி நெடுங்காலம் நீடிப்பதும், சுட்டியின் பேட்டரி விரைவில் தீர்வதும் வழக்கம். இதற்குக் காரணம் உண்டு. விசைப்பலகை, விசை அழுத்தப்படும் கணத்தில் மட்டும் விழித்தெழுந்து குறிப்பை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறது. சுட்டியோ நகரும் நேரமெல்லாம் தனக்குக் கீழுள்ள பரப்பின் மீது ஒளியைப் பாய்ச்சி, நொடிக்குப் பன்முறை படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு தன் நகர்வைக் கணக்கிடுகிறது. எனவே அதற்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுகிறது. விசைகளுக்கு அடியில் விளக்கு ஒளிரும் விசைப்பலகைகளுக்கும் இது பொருந்தும்.

கழற்றி மாற்றும் பேட்டரியா, உள்ளேயே பொருத்தப்பட்ட லித்தியம் பேட்டரியா என்பது வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டியது. முதல் வகையில் பேட்டரி தீர்ந்தால் அருகிலுள்ள கடையில் வாங்கி உடனே மாற்றலாம். நெடுநாள் பயன்படுத்தாதபோது கழற்றி வைக்காவிட்டால் வேதிப்பொருள் கசிந்து உலோக முனைகளை அரிக்கக்கூடும். இரண்டாம் வகையை யுஎஸ்பி கம்பி மூலம் மின்னேற்றலாம். ஆனால், ஆண்டுகள் கடந்து பேட்டரி வலுவிழந்தால் அதை மாற்ற வழியுண்டா என்பதைக் கேட்டறிய வேண்டும். வழி இல்லையெனில், நல்ல நிலையில் உள்ள விசைகளோடு முழுக் கருவியும் மின்னணுக் கழிவாகிவிடும்.

மின்னேற்றும் துளை யுஎஸ்பி-சி வகையாக இருப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்த பொது மின்னேற்றி விதி, கைபேசிகளுடன் விசைப்பலகைகளையும் சுட்டிகளையும் உள்ளடக்கியது. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் யுஎஸ்பி-சி இணைப்புக்கான தர வரையறையை வெளியிட்டுள்ளது.

இரண்டாம் தேவை: தடங்கலற்ற வேகம்

விளம்பரங்களில் காணப்படும் ஹெர்ட்ஸ் கணக்கு, சுட்டி தன் நிலையை நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தெரிவிக்கிறது என்பதைக் குறிக்கும். 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி நொடிக்கு ஒருமுறை; 1000 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு மில்லி நொடிக்கு ஒருமுறை. வேகமான கணினி விளையாட்டுகளில் ஈடுபடுவோருக்கு இந்த வேறுபாடு முக்கியம். கடிதம் தட்டச்சு செய்வோருக்கும் கணக்கு எழுதுவோருக்கும் அது பொருட்டன்று.

அலுவலகப் பயனரை உண்மையில் எரிச்சலூட்டுவது வேறொன்று. திரையில் சுட்டி திடீரெனத் திக்கி நிற்பதும், அழுத்திய எழுத்து விடுபட்டுப் போவதுமே அது. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவையும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைப் பயன்படுத்துவதால் அங்கு நெரிசல் அதிகம். இதோடு, யுஎஸ்பி 3.0 இணைப்புகளிலிருந்து எழும் இரைச்சல் இதே அலைவரிசையில் இயங்கும் கருவிகளைப் பாதிப்பதை இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் விளக்கியுள்ளது.

இதற்குச் செலவற்ற தீர்வு உண்டு. அலைவாங்கியை வெளிப்புற வன்தட்டு போன்ற கருவிக்கு அருகில் செருகாமல், வேறு துளையில் செருகலாம். மேசைக்கு அடியில் உள்ள கணினியின் பின்புறத்தில் செருகுவதைவிட, ஒரு சிறு நீட்டிப்புக் கம்பி மூலம் மேசையின் மேல் வைக்கலாம். பழுதான சுட்டி எனக் கருதி ஒதுக்கப்பட்டவற்றில் சில இம்மாற்றத்தாலேயே சரியாகிவிடும்.

மூன்றாம் தேவை: ரகசியம்

பயனர்கள் அதிகம் கேட்காத, ஆனால் அதிகம் இழக்கக்கூடிய தேவை இதுவே. யுஎஸ்பி துளையில் செருகும் சிறு அலைவாங்கி, தன்னை ஒரு விசைப்பலகையாகவே கணினியிடம் அறிமுகம் செய்துகொள்கிறது. அது தரும் எழுத்துகள் அனைத்தையும் உரிமையாளரே தட்டச்சு செய்ததாகக் கணினி நம்புகிறது. எனவே அந்த அலைவாங்கி யாருடைய அலையை ஏற்கிறது என்பதே பாதுகாப்பின் திறவுகோல்.

அமெரிக்காவின் பாஸ்டில் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2016 பிப்ரவரியில் மவுஸ்ஜாக் என்ற குறைபாட்டை வெளிப்படுத்தியது. சில அலைவாங்கிகள், விசைப்பலகையின் தகவலைக் குறியாக்கம் செய்தபோதிலும், சுட்டியின் தகவலைக் குறியாக்கமின்றி ஏற்றுக்கொண்டன. அசைவையும் சொடுக்கையும் ரகசியமாக்கத் தேவையில்லை எனக் கருதப்பட்டதே காரணம். இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, சுட்டிபோல நடித்து விசைகளை அனுப்ப முடிந்தது. சுமார் 15 டாலர் விலையுள்ள கருவியைக் கொண்டு 100 மீட்டர் தொலைவு வரையிலிருந்து இதைச் செய்யலாம் என அந்நிறுவனம் தெரிவித்தது. முன்னணி நிறுவனங்கள் சிலவற்றின் தயாரிப்புகளும் இதில் அடங்கும். சில நிறுவனங்கள் திருத்தப்பட்ட உள்மென்பொருளை வெளியிட்டன.

அதே ஆண்டு ஜூலையில் கீஸ்னிஃபர் என்ற பெயரில் மற்றொரு குறைபாடு வெளிச்சத்துக்கு வந்தது. எட்டு நிறுவனங்களின் விலை குறைந்த விசைப்பலகைகள், அழுத்தப்படும் ஒவ்வொரு எழுத்தையும் எவ்வித மறைப்பும் இன்றிக் காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தன. சுமார் 75 மீட்டருக்குள் இருப்பவர் உரிய கருவியைக் கொண்டு அவற்றைப் படிக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றின் உள்மென்பொருளைத் திருத்த வழியே இல்லை. மாற்றுவது ஒன்றே தீர்வாக இருந்தது.

புளூடூத் கருவிகள் இணைப்பின்போதே குறியாக்கத்தை ஏற்படுத்திக்கொள்வதால், பெயர் தெரியாத மலிவு அலைவாங்கிகளைவிட அவை பொதுவாக மேலானவை. ஆயினும் அவையும் முற்றிலும் பழுதற்றவை அல்ல. பயனரின் ஒப்புதல் இன்றியே போலி விசைப்பலகை ஒன்றைக் கணினியுடனோ கைபேசியுடனோ இணைக்க வழிவகுக்கும் குறைபாடு 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு, லினக்ஸ், ஆப்பிள் ஆகிய இயங்குதளங்கள் அதனால் பாதிக்கப்பட்டன. திருத்தங்கள் வெளியாகியுள்ளன. ஆனால், ஆண்ட்ராய்டு 10ஆம் பதிப்புக்கும் அதற்கு முந்தைய பதிப்புகளுக்கும் திருத்தம் வழங்கப்படவில்லை. பழைய கைபேசிகளில் தேவையற்ற நேரங்களில் புளூடூத்தை அணைத்து வைப்பது இதனாலும் நல்லது.

முத்திரை எதற்கு உறுதி அளிக்கிறது?

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் குறைந்த ஆற்றலுடன் இயங்கும் கருவிகளைப் பயன்படுத்தத் தனிநபர் உரிமம் பெறத் தேவையில்லை. அதேவேளை, அத்தகைய கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவு வழங்கும் வகை ஒப்புதல் தேவை. கட்டாயப் பதிவுக்கான 2012ஆம் ஆண்டு ஆணையின் முதல் பட்டியலிலேயே கம்பியில்லா விசைப்பலகைகள் இடம்பெற்றன. பதிவு பெற்ற கருவியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் காணப்படும்.

இவை இருப்பதை உறுதி செய்வது அவசியம். எனினும், ஒன்றை மறக்கலாகாது. ஒரு முத்திரை மின் பாதுகாப்பைக் குறிக்கிறது. மற்றொரு ஒப்புதல் வானொலி அலையின் வரம்பைக் குறிக்கிறது. தட்டச்சு செய்யும் கடவுச்சொல் குறியாக்கம் செய்யப்படுகிறதா என்பதற்கு இவ்விரண்டும் உறுதிமொழி அல்ல. அதை வாங்குபவரே கேட்டறிய வேண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

விசைப்பலகைக்கு 128 பிட் ஏஇஎஸ் போன்ற குறியாக்கம் உண்டு எனப் பெட்டியிலோ தயாரிப்பாளரின் இணையதளத்திலோ எழுதப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அலைவாங்கியின் உள்மென்பொருளைப் புதுப்பிக்கும் வசதி உள்ளதா என்பது அடுத்த கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கருவியைப் பயன்படுத்துவோர், தங்கள் மாதிரிக்குத் திருத்தம் வெளியாகியுள்ளதா எனத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் தேடலாம்.

அலைவாங்கி தொலைந்தால் மாற்று கிடைக்குமா என்பதையும் கேட்க வேண்டும். விலை குறைந்த தொகுப்புகளில் பல, தொழிற்சாலையிலேயே ஒரு குறிப்பிட்ட அலைவாங்கியுடன் பிணைக்கப்படுகின்றன. நகம் அளவுள்ள அந்தத் துண்டு காணாமற்போனால் விசைப்பலகையும் சுட்டியும் சேர்ந்தே பயனற்றுப் போகும். பயணத்தின்போது அதைப் பத்திரப்படுத்தச் சுட்டியின் அடியில் தனி இடம் இருப்பது பெரும் உதவி. சில புதிய மடிக்கணினிகளில் யுஎஸ்பி-சி துளைகள் மட்டுமே இருப்பதால், பழைய வகை அலைவாங்கிகளுக்குத் தனி இணைப்பான் தேவைப்படும்.

தாய்மொழியில் தட்டச்சு செய்வோர், விசைகளின் மீது எந்த எழுத்து அச்சிடப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் கம்பியில்லா விசைப்பலகைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே உள்ளன. இந்திய மொழிகளுக்கான இன்ஸ்கிரிப்ட் முறையோ தமிழ் 99 முறையோ பழகியவர்கள், எழுத்து ஒட்டிகளை நாடலாம். அவற்றை ஒட்டுவதற்கு விசையின் மேற்பரப்பு தட்டையாக இருப்பது வசதி.

இவற்றையெல்லாம் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மேற்கண்ட தாக்குதல்களைச் செய்ய ஒருவர் அருகில் வந்தாக வேண்டும். தனி வீட்டில் பாடம் படிக்கும் மாணவருக்கு இந்த ஆபத்து குறைவு. ஆனால், அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வணிக வளாகத்திலும் 75 மீட்டர் என்பது பல வீடுகளையும் கடைகளையும் உள்ளடக்கிய தொலைவு. பொதுச் சேவை மையம், மருந்துக்கடை, வங்கி முகவரின் மேசை ஆகியவற்றில் தட்டச்சாகும் விவரங்கள் கடைக்காரருடையவை மட்டுமல்ல. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவருடையவையும் ஆகும். அத்தகைய இடங்களில் சுட்டி கம்பியின்றி இருக்க வேண்டுமெனில், குறைபாடு திருத்தப்பட்ட அலைவாங்கியையே பயன்படுத்த வேண்டும். விசைப்பலகைக்கோ இன்றளவும் மலிவான, நம்பகமான காவல், அந்தப் பழைய கம்பியே.