படகுக்குள் விழுந்த செப்புக் காசு

அமெரிக்காவில் அலுமினியப் படகில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், புதிதாக வருகிறவருக்குச் சொல்லிவைக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு: படகின் அடியில் செப்புக் காசு விழுந்தால் தேடி எடுத்துவிடு. 1982-க்கு முந்தைய ஒரு சென்ட் காசில் 95 சதவீதம் செம்பு. ஈரத்தோடு அது தகட்டின் மேல் கிடந்தால், அந்த இடம் வெள்ளையாகப் பூத்து, குழி விழுந்து, நாளடைவில் ஓட்டையே ஆகிவிடலாம்.

அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படரும் ஆக்சைடு படலம். சில நானோமீட்டர் தடிமன்தான். கீறினாலும் காற்றுப் பட்டதும் மூடிக்கொள்ளும். ஆனால் அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் ஈரமும் இருந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உருவாகிவிடுகிறது. அலுமினியம் கரைகிறது. செம்புக்கு ஒன்றும் ஆவதில்லை.

ஓசார்க் மலைப்பகுதி ஆறுகளில் ஓடிய தட்டையடி மரப்படகுதான் 'ஜான் படகு'. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது அலுமினியத்துக்கு மாறியது. 12 அடி, 14 அடி நீளப் படகை வாங்கி, குறுக்குப் பலகைகளைக் கழற்றிவிட்டு, நின்று தூண்டில் வீச மேடை அமைப்பதும், மின்மோட்டார், பேட்டரி, மீன்தொட்டி பொருத்துவதும் அங்கே பலருக்கு வாரக்கடைசி வேலை. செப்புக் காசு வேறு உருவத்தில் உள்ளே நுழைவது இங்கேதான்.

கரையான் அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய பிளைவுட்டை மேடைக்குப் போடுகிறார்கள். அந்த மருந்தில் இருப்பது செம்பு. ஆர்செனிக் கலந்த பழைய மருந்தை 2003-ன் முடிவோடு வீட்டு உபயோக மரத்திலிருந்து விலக்கினார்கள். அதற்கு மாற்றாக வந்தவற்றில் செம்பு இன்னும் அதிகம். அதன் மேல் கம்பளமும் ஒட்டிவிட்டால் ஈரம் காயவே காயாது. மருந்தேற்றாத பிளைவுட்டுக்கு எல்லா ஓரங்களிலும் எபாக்ஸி பூசிப் போடுவதே சரி.

எவர்சில்வர் போல்ட்டும் வேறு உலோகம்தானே என்று கேட்கலாம். அங்கே பரப்பளவுதான் கணக்கு. பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன எவர்சில்வர் போல்ட் என்றால் அரிப்பு பரவலாகி மெதுவாக நடக்கும். நைலான் வாஷர் வைத்தால் இன்னும் குறையும். பெரிய எவர்சில்வர் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தாலோ, மொத்த அரிப்பும் அந்த ரிவெட்டின் தலையில்தான் விடியும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் படகின் உடலோடு இணைக்கக் கூடாது. காரில் செய்வதை இங்கே செய்தால் கசியும் மின்சாரம் தகட்டைத் தின்றுவிடும்.

அரிப்பாவது மெதுவாக வரும். கவிழ்வது நொடியில் நடக்கும். 12 அடி படகுகள் பல 100 கிலோகூட எடை இருப்பதில்லை. அதில் 80 கிலோ ஆள் ஒரு முழ உயர மேடையில் ஏறி நின்றால், மொத்த எடையில் ஏறக்குறைய பாதி மேலே போய்விடுகிறது. தொட்டித் தண்ணீரும் லிட்டருக்கு ஒரு கிலோ. படகு சாயும் பக்கமே அதுவும் ஓடும்.

இருக்கைக்கு அடியில் இருக்கும் நுரைக்கட்டையைத்தான் இடத்தை அடைக்கிறதென்று முதலில் பிடுங்கிப் போடுகிறார்கள். 80 கிலோ அலுமினியம் மூழ்கும்போது விலக்கும் தண்ணீர் சுமார் 30 லிட்டர்தான். மீதி 50 கிலோவைத் தாங்கவே 50 லிட்டருக்குமேல் நுரை வேண்டும். மோட்டாரும் பேட்டரியும் தனி. தண்ணீர் நிறைந்தாலும் படகு மிதப்பதற்காகவே அந்த நுரை. எடுத்தால் எடுத்த அளவுக்கு வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.

படகில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டில் அது தாங்கும் எடை எழுதியிருக்கும். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த படகுக்கான கணக்கு அது. நீங்கள் ஏற்றும் மேடை, கம்பளம், பேட்டரி ஒவ்வொன்றையும் எடைபோட்டு அதிலிருந்து கழித்துவிட்டு, அதன்பிறகு எத்தனை பேர் ஏறலாம் என்று பாருங்கள்.