மார்கழிக் காய்ச்சலும் ஒரு கருப்புப் பொருக்கும்

சித்தன்னவாசல் பாறையில் ஏறி ஏழடிப்பட்டக் குகையைப் பார்க்கவும், நார்த்தாமலைக் குன்றுகளைச் சுற்றி வரவும், கண்மாய்களில் இறங்கும் பறவைகளைத் தேடிப் போகவும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏற்ற காலம் ஐப்பசி மழைக்குப் பிறகுதான். வெயில் தணிந்திருக்கும். வரப்பிலும் குன்றடிவாரத்திலும் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டுக்கு ஆயத்தம் நடப்பதும் இந்த நாட்களில்தான். தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்கு ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலோடு வருவோர் கூடுவதும் இதே பருவத்தில்தான். 2024 இறுதியில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது.

நாளிதழ்கள் இதை உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. படித்தவுடன் மாட்டின் காதுமடலில் ஒட்டிக் கிடக்கும் உண்ணிதான் நினைவுக்கு வரும். காளை வளர்ப்பவர்கள் கையால் பிடுங்கிப் போடும் அந்த உண்ணி இந்த நோயைத் தருவதில்லை. தருவது மைட் என்னும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு. முதல் மழைக்குப் பின் மண்ணில் ஊர்ந்து வரும் தம்பலப்பூச்சியைத் தீப்பெட்டியில் பிடித்து வைத்து விளையாடியவர்கள் நம்மில் பலர் உண்டு. அதற்கு நெருங்கிய சொந்தம்தான் இந்த மைட். ஆனால் இதன் குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். உடம்பில் ஏறினாலும் கண்ணுக்குப் படாது, கடித்தாலும் பெரும்பாலும் வலிக்காது.

இந்தப் பூச்சி வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் விலங்கின் உடலை நாடுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு புல் நுனியிலோ சருகின் விளிம்பிலோ காத்திருக்கும். வெள்ளெலி, பெருச்சாளி, மூஞ்சூறு என எது உரசிப் போனாலும் தொற்றிக்கொள்ளும். மனிதன் அதன் வழக்கமான இரையல்ல, குறுக்கே வந்தால் சரி என்று ஏறிவிடும். அது இரத்தம் குடிப்பதும் இல்லை. எச்சிலைச் செலுத்தித் தோலின் திசுவைக் கரைத்து, அந்த நீரைச் சில நாட்கள் உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடும். அதன் பிறகு மண்ணுக்குள் போய், மற்றப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வளரும். வளர்ந்த மைட் யாரையும் கடிப்பதில்லை. ஒருமுறைதான் கடிக்கும் என்றால் நோய் எப்படி அறுபடாமல் தொடர்கிறது? ஓரியன்சியா சுட்சுகாமுஷி என்னும் பாக்டீரியா தாய்ப்பூச்சியிலிருந்து முட்டைக்குள்ளேயே போய்விடுகிறது. குஞ்சு பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கிறது.

இவை காடு முழுக்கப் பரவியிருப்பதும் இல்லை. ஈரமும் நிழலும் எலி வளையும் சேர்ந்த சில அடி இடத்தில் திட்டாக மொய்த்திருக்கும், பக்கத்திலேயே ஒன்றுகூட இராது. ஒரே பாதையில் நடந்த பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல் வருவது அதனால்தான். அடர்ந்த காட்டைவிட, மனிதர் புழங்கும் இடத்தின் ஓரப் புதர்தான் இவற்றுக்கு வசதி. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஓரங்களுக்குப் பஞ்சமில்லை: தைலமரக் காட்டின் விளிம்பு, சீமைக்கருவேலம் மண்டிய கண்மாய்க் கரை, சருகு மெத்தை போட்ட முந்திரித் தோப்பு. மலையேறப் போகிறவர் மட்டுமல்ல, முந்திரி பொறுக்குபவரும், ஆடு மேய்ப்பவரும், விறகு எடுக்கப் போகிறவரும் அந்த ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

கடித்துப் பத்து, பன்னிரண்டு நாள் கழித்துத்தான் பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் போன இடமே மறந்திருக்கும். கடும் தலைவலி, உடம்புவலி. டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல் எல்லாமே தொடக்கத்தில் இப்படித்தான் இருக்கும் என்பதால் குழப்பம் நேர்கிறது. கிருமி இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால், கவனிக்காமல் விட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். சிறுநீரகம் பழுதாகலாம், மூளைக் காய்ச்சலாகவும் மாறலாம். சிகிச்சையே கிடைக்காதவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இறப்பதாக உலக ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது.

இத்தனை குழப்பத்துக்கு நடுவே நோயைக் காட்டிக்கொடுக்கும் தடயம் ஒன்று உண்டு. பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல, சுற்றிலும் சிவந்த ஒரு கருப்புப் பொருக்கு. அது வலிக்காது, அரிக்காது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், இடுப்பில் துணி இறுக்கும் இடம், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, முழங்காலின் பின்மடிப்பு என்று மறைவிடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். எல்லோருக்கும் இருக்காது, ஆனால் இருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. கூச்சத்தால் அதைக் காட்டாமல் வருபவர்களை, குறிப்பாகப் பெண்களை, நினைத்தால் மனம் பதறுகிறது. தனியறையில் பெண் மருத்துவரோ செவிலியரோ ஒரு நிமிடம் பார்த்தால் ஓர் உயிர் தப்பலாம்.

மருந்து இல்லாத நோயல்ல இது. டாக்சிசைக்ளின், மலிவான பழைய மருந்து. நேரத்தோடு கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருகிறார்கள். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பெனிசிலின் வகை மாத்திரைகள் இந்தக் கிருமியிடம் பலிக்காது. நான்கு நாள் அவற்றை விழுங்கிவிட்டு மூச்சிரைக்க வருகிறவருக்கு அந்த நான்கு நாளை யார் திருப்பித் தருவது? நோய் முற்றியவர்களுக்கும் வழி கண்டது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்திய ஆய்வு. 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான அந்த ஆய்வில், இரண்டு மருந்துகளையும் நரம்பு வழியே சேர்த்துக் கொடுத்தபோது மரணமோ, தீராத சிக்கல்களோ, தணியாத காய்ச்சலோ நேர்ந்தவர்கள் 33 சதவீதம். தனித்தனியாகக் கொடுத்தபோது 47, 48 சதவீதம்.

அதே கல்லூரியும் லண்டன் ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2025-இல் வெளியிட்ட முடிவு இன்னும் திகைப்பூட்டுகிறது. ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் வரை இந்தக் கிருமியின் தொற்றுக்கு ஆளாகிறார். பெரும்பாலோருக்கு அது தெரியாமலே கடந்துவிடுகிறது, ஒரு பகுதியினருக்குக் காய்ச்சலாகிறது. அபூர்வ நோய் என்று இனி யாரும் இதை ஒதுக்க முடியாது.

அதற்காகக் குன்றுக்கும் கண்மாய்க்கும் போகாமல் இருக்க வேண்டியதில்லை. முழுக்கை சட்டை, காலுறைக்குள் செருகிய பேன்ட், டீட் கலந்த பூச்சிவிரட்டி போதும். வெறும் புல்லில் உட்காரவோ படுக்கவோ வேண்டாம், பாய் விரித்துக்கொள்ளலாம். துணியைப் புதர்மேல் காயப்போடுவதும் ஆபத்துதான். வீடு திரும்பியதும் சோப்பும் பீர்க்கங்கூடும் போட்டுத் தேய்த்துக் குளித்தால் இன்னும் ஊன்றாத குஞ்சுகள் போய்விடும். போட்டுப் போன துணியைச் சுடுநீரில் அலசிவிட வேண்டும்.

அதற்காக உண்ணி இனத்தையே முழுதாக மன்னித்துவிட முடியாது. 1957-இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழ, மனிதருக்கும் பரவிய கியாசனூர்க் காட்டுக் காய்ச்சலைப் பரப்பியது உண்ணிதான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குப் போகிறவர்கள் அதை நினைவில் வைக்க வேண்டும். உடலில் உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாமல், நசுக்காமல், தோலை ஒட்டிச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

ஸ்க்ரப் டைபஸுக்குத் தடுப்பூசி இன்னும் இல்லை. கிருமியில் கார்ப், கில்லியம், காட்டோ எனப் பல வகைகள் இருப்பதும், ஒன்றுக்கு எதிராக வந்த எதிர்ப்பு மற்றொன்றைத் தடுக்காததும், அந்த எதிர்ப்பும் நெடுநாள் நிலைக்காததும்தான் காரணம். போன ஆண்டு வந்து குணமானவருக்கு இந்த ஆண்டும் வரலாம். காய்ச்சலோடு மருத்துவரிடம் போனால், கடந்த மூன்று வாரத்தில் எந்தப் புதரோரம், எந்தத் தோப்பில் நின்றோம் என்பதை அவர் கேட்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும்.