தாயக்கட்டையும் போட்டி விதியும்

கவறு என்றவுடன் நம்மவர்க்குச் சூதே நினைவுக்கு வரும். திருவள்ளுவரும் சூதினைக் கடிதற்கு ஓரதிகாரம் வகுத்தார். பொருள் வைத்தாடாத கவறாட்டத்திலே கணிதமும் உண்டு, நீதியும் உண்டு.

1974ஆம் ஆண்டிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். ஒருவர் கதை நடத்த, ஏனையோர் பாத்திரங்களாகி ஆடுவர். வெற்றி ஐயமாகுமிடத்துக் கவறு தீர்ப்புரைக்கும். அவ்வகை ஆட்டமொன்றை, தென்மேற்குப் பருவமழை நாள்களில், ஹற்றனை அடுத்த தோட்டமொன்றின் லயத்துக் காம்பராவிலே பித்தளைத் தாயக்கட்டை கொண்டு என் மாணவர் ஆடினர். கடிதம் கொண்டுவரும் தபாற்காரனைக் காட்டுப்பன்றி மறிக்கின்றது. இருவரும் உருட்ட, பெருந்தொகை பெற்றவர் வெல்வர்.

தாயக்கட்டையின் நான்கு பக்கங்களில் மூன்று 1, 2, 3 எனப் புள்ளியிடப்பெற்றவை, ஒன்று வெறுமை. இரண்டும் வெறுமையாயின் 12. எல்லாப் பக்கமும் ஒப்ப விழுமெனக் கொண்டால் இரு கட்டைகள் 16 வகையாக விழும். அவற்றுள் 3 விழுவன நான்கு. 2உம் 4உம் மும்மூன்று. தாயமும் 5உம் இவ்விரண்டு. 6உம் 12உம் ஒவ்வொன்று. ஆகவே ஒன்றைக் கூட்டுதல் எங்கும் ஒரே அளவினதன்று. இருபது முகக் கவற்றிலே அது நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு. தாயக்கட்டையிலோ, 4 வேண்டியவனுக்குப் பதினாறில் நான்கு வாய்ப்புக் கூடும். 7 வேண்டியவனுக்கு ஒன்றே கூடும்.

இதை எண்ணாமல் விதி வகுத்தவன் யானே. பன்றி வலியதென்று அதற்கு ஒன்று கூட்டினேன். தொகை சமனாயினும் பன்றிக்கே வெற்றி என்றேன். இரண்டும் சிறு சலுகைகளாகவே தோன்றின. தபாற்காரனாக ஆடிய சிறுமி மூன்றாம் நாள் வரவில்லை. அன்றிரவு கணக்கிட்டேன். இருவர் உருட்டலும் சேர்ந்து 256 வகை. ஒன்று கூட்டியபின் பன்றி நேரே வெல்வன 150, சமனாவன 38, தோற்பன 68. சமனையும் பன்றிக்கே கொடுத்தமையால் அதற்கு 188. ஏறக்குறைய நாலில் மூன்று! வெறும் ஓட்டமாயினும், எட்டு வயதுப் பிள்ளை அதனைக் கணக்கின்றியே உணர்ந்துவிட்டாள்.

கூட்டிய ஒன்றை நீக்கவில்லை. பன்றி பன்றியாகவே இருத்தல் வேண்டும். சமனை மாத்திரம் தபாற்காரனுக்கு மாற்றினேன். இப்பொழுது 150க்கு 106. பன்றியே மிகுதியும் வெல்கின்றது. ஆயினும் தபாற்காரனாக ஆள் தேடவேண்டுவதில்லை.