திடலோரத்து டியூடர்

ஈப்போ திடலைக் கடக்கும்போது, வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டங்கள் ஓடும் ஒரு கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் 1895இல் தொடங்கப்பட்ட ராயல் ஈப்போ கிளப். பார்வைக்கு இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய மதுவிடுதி மாதிரி இருக்கும். அந்தப் பாணிக்குப் பெயர் போலி டியூடர்.

அசல் எப்படி இருந்தது? 1485 முதல் 1603 வரை டியூடர் மன்னர்கள் ஆண்ட காலத்தில், கட்டடத்தின் பாரத்தைத் தாங்கியவை கனமான ஓக் மரச்சட்டங்கள். சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பினார்கள். நம் கிராமத்துப் படல் சுவரேதான்! அதன்மேல் சுண்ணாம்பு. சட்டங்களுக்குக் கறுப்புப் பூசும் மோகம்கூடப் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். போலி டியூடரில் பாரம் தாங்குவது பெரும்பாலும் செங்கல். சட்டங்கள் வெறும் ஒப்பனை.

ஈயமும் ரப்பரும் பணத்தைக் கொட்டிய நாட்களில், சுரங்கக்காரர்களும் தோட்டத்துத் துரைமார்களும் ஊர் ஏக்கத்தில் கட்டிக்கொண்ட பாணி இது. கோலாலம்பூரின் சிலாங்கூர் கிளப்பிலும் இதே சாயல் உண்டு. பால்மரம் சீவிய நம்மவர்களுக்கு வாய்த்தது தோட்டத்துக் கள்ளுக்கடை. அதன் கட்டடக்கலையை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தப் பாணியை இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டுமா? தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுங்கள். தானா ராத்தாவைத் தாண்டியதும் 1937இல் கட்டிய ஸ்மோக்ஹவுஸ் விடுதி வரும். அங்கே கணப்பு அடுப்புகூட இருக்கிறது. மலைக் குளிருக்கு அது நிஜமாகவே தேவைப்படும்.